சர்ஜன் ஆகப் போகிறவர் மயக்க மருந்துப் பிரிவில் ஏன் நிற்கிறார்?



சமவெளியிலுள்ள ஒரு சபையிலிருந்து சென்ற மாதம் ஒரு கடிதம் வந்தது. அந்தச் சபையின் ஆதரவில் எம்.பி.பி.எஸ். படித்துவரும் மாணவி இறுதியாண்டை எட்டியிருக்கிறார். மேற்படிப்பில் எம்.எஸ். முடித்து, அறுவை சிகிச்சை நிபுணராகி, எங்களைப் போன்ற மலைப் பகுதியில் பணி செய்ய வேண்டும் என்பது அவருடைய வாஞ்சை. சபையாரின் ஜெபமும் அதுவே. ஆனால் விருப்பமான ஒரு பிரிவைத் தெரிந்துகொள்ளக் கல்லூரியில் வாய்ப்புக் கொடுத்தபோது, அவர் சர்ஜரியை எழுதாமல் மயக்க மருந்துப் பிரிவை எழுதிக் கொடுத்துவிட்டார். "பிள்ளைக்கு மனசு மாறிடுச்சோ, ஐயா?" என்று மூப்பர் கேட்டிருக்கிறார்.

நான் இறையியல் கல்லூரியில் படித்தவன், மருத்துவன் அல்லன். ஆயினும் ஆபரேஷன் தியேட்டர் வாசல் பெஞ்சில் நோயாளிகளின் உறவினரோடு உட்கார்ந்திருந்தே என் ஊழியத்தின் பெரும்பகுதி கழிந்திருக்கிறது. கண்டதையும் எங்கள் மருத்துவர்களிடம் கேட்டறிந்ததையும் எழுதுகிறேன்.

முதலில் இந்தத் தெரிவு என்ன என்பதைச் சொல்லிவிட வேண்டும். நம் நாட்டில் எம்.பி.பி.எஸ். நாலரை ஆண்டுப் படிப்பு. அதன்பின் ஓராண்டு ஹவுஸ் சர்ஜன் பயிற்சி. முன்னாட்களில் எந்த வார்டில் எத்தனை வாரம் என்பதெல்லாம் கல்லூரி போட்ட பட்டியல்தான். 2019ஆம் ஆண்டில் சேர்ந்த மாணவர்கள் முதற்கொண்டு புதிய பாடத்திட்டம் வந்தது. அதில் எலெக்டிவ் என்ற விருப்பப் பயிற்சி சேர்க்கப்பட்டது. ஒரு பகுதி ஆய்வுக்கூடத்திலோ ஓர் ஆராய்ச்சியிலோ. மறு பகுதி நோயாளிகளைப் பார்க்கும் பிரிவில். தீவிர சிகிச்சைப் பிரிவு, ரத்த வங்கி, விபத்துப் பிரிவு ஆகியவற்றையும் எடுக்கலாம், கிராமப்புற மருத்துவ நிலையத்துக்கும் போகலாம். முதலில் இதற்கு இரண்டு மாதம் ஒதுக்கியிருந்தார்கள், பின்னர் குறைத்துவிட்டார்கள். ஆகவே கையில் இருப்பது சொற்ப நாட்கள்தான். அவற்றை எங்கே செலவிடுவது என்பதே கேள்வி.

அமெரிக்காவில் உறவினர் உள்ளவர்கள் வேறு கதை கேட்டிருப்பீர்கள். அங்கே இறுதியாண்டு மாணவர் தாம் மேற்படிப்புக்குச் சேர விரும்பும் மருத்துவமனைக்கே ஒரு மாதம் போய், அங்குள்ள சர்ஜன்கள் கண்முன் இரவு பகலாக வேலை செய்து காட்டுவார். அவர்கள் தரும் பரிந்துரைக் கடிதம் இடம் கிடைப்பதில் பெரும் பங்கு வகிக்கும். நம் நாட்டில் எம்.எஸ். இடத்தைத் தீர்மானிப்பது நீட் மேற்படிப்புத் தேர்வின் மதிப்பெண். விருப்பப் பயிற்சிக்கு அதில் ஒரு மதிப்பெண்ணும் கிடையாது. இதனால் ஒரு தீமை விளைந்திருக்கிறது: பலர் விருப்பப் பயிற்சியையும், அதற்குப் பின் ஹவுஸ் சர்ஜன் ஆண்டையுமே கேள்வி வங்கிப் புத்தகத்தோடு கழித்துவிடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. தேர்வில் தவறினால் ஓராண்டு போய்விடும்; வீட்டில் கடன் இருக்கும். ஆனால் தையல் போடத் தயங்கும் கையோடு எம்.எஸ். வகுப்பில் நுழைகிறவரை யார் பொறுமையாக இருந்து பழக்குவார்?

இதில் ஒரு நன்மையும் மறைந்திருக்கிறது. மதிப்பெண் இல்லாததால் யாரையும் மெச்சச் செய்ய வேண்டியதில்லை. உண்மையாகவே எது தேவையோ அதை மாணவர் தெரிந்துகொள்ளலாம்.

அறுவை சிகிச்சைக்குத் தயாராகிறவர் அறுவை சிகிச்சைப் பிரிவுக்குத்தானே போக வேண்டும் என்று தோன்றும். ஹவுஸ் சர்ஜன் ஆண்டில் எப்படியும் ஆறு வாரம் அங்கே உண்டு. எம்.எஸ். சேர்ந்துவிட்டால் மூன்று ஆண்டும் அதுவே வேலை. பெரிய மருத்துவமனைத் தியேட்டரில் இறுதியாண்டு மாணவருக்குக் கிடைப்பது பெரும்பாலும் மூன்றாவது வரிசையில் நின்று எட்டிப் பார்க்கும் இடம்தான். அதிலும் ரோபோ கொண்டு செய்யும் அறுவையைப் பார்க்கப் போகிறவர் ஒரு நல்ல சினிமா பார்த்த திருப்தியோடு திரும்புவார் என்பது என் எண்ணம்.

மயக்க மருந்துப் பிரிவில் அப்படியல்ல. அங்கே மாணவரின் கைக்கு முதல் நாளே வேலை உண்டு. நோயாளியின் தலைமாட்டில் நின்று, தாடையை உயர்த்தி, முகமூடியைப் பொருத்தி, பையை அழுத்தி மூச்சுக் கொடுக்கக் கற்றுக்கொள்கிறார். நரம்பில் ஊசி ஏற்றப் பழகுகிறார். முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்வதை அருகிருந்து பார்க்கிறார். குடலிறக்கம், சிசேரியன் போன்ற பல அறுவைகளைச் சிறிய மருத்துவமனைகளில் அந்த ஒரு ஊசியின் பலத்தில்தான் செய்கிறார்கள். ரத்தம் எவ்வளவு போயிற்று, சிறுநீர் எவ்வளவு வருகிறது, நாடி ஏன் ஓடுகிறது என்று கணக்குப் பார்க்கிறார். இன்னொன்றும் உண்டு. சர்க்கரையும் ரத்த அழுத்தமும் கட்டுப்படாத ஒருவரை இன்று மேஜையில் ஏற்றலாமா, தள்ளிப்போட வேண்டுமா என்று முந்தின நாள் மாலை நடக்கும் ஆலோசனை. சர்ஜன் ஆகப் போகிறவர் அதை மறுபக்கத்திலிருந்து கேட்பது நல்லது.

2008இல் உலக சுகாதார நிறுவனம் அறுவைப் பாதுகாப்புப் பட்டியல் ஒன்றை வெளியிட்டது. மயக்கம் கொடுக்குமுன், கத்தி வைக்குமுன், நோயாளி தியேட்டரை விட்டு வெளியேறுமுன் என மூன்று இடங்களில் எல்லாரும் நின்று வாய்விட்டுச் சரிபார்க்க வேண்டும். டெல்லி உட்பட எட்டு நகரங்களின் மருத்துவமனைகளில் சோதித்தபோது, அறுவைக்குப் பின்னான மரணம் 100க்கு 1.5 என்பதிலிருந்து 0.8 ஆகக் குறைந்தது என 2009இல் வெளியிட்டார்கள். அந்தக் குறைவுக்குக் காரணம் புதிய கத்தியோ புதிய மருந்தோ அல்ல. ஒருவர் வேலையை மற்றவர் அறிந்து, நின்று கேட்டதே.

மலைப் பகுதிக்கு எந்த அறுவை தேவை என்பதையும் எண்ணிப் பாருங்கள். 2015இல் லான்செட் மருத்துவ இதழ் அமைத்த குழு, உலகில் 500 கோடிப் பேருக்குப் பாதுகாப்பான, கட்டுப்படியாகும் அறுவை சிகிச்சை எட்டவில்லை என்று கணித்தது. ஒரு மருத்துவமனையின் தகுதியை அறிய மூன்று அறுவைகளை அளவுகோலாகவும் வைத்தது: சிசேரியன், வயிற்றைத் திறந்து செய்யும் அவசர அறுவை, எலும்பு வெளியே தெரியும் முறிவுக்கான சிகிச்சை. இம்மூன்றையும் செய்ய முடிகிற இடத்தில் மற்றப் பல அறுவைகளும் கைகூடும். இவை இரண்டு மணி நேரப் பயணத்துக்குள் கிடைக்க வேண்டும் என்பது குழுவின் கருத்து.

செம்மநத்தத்தில் ஒரு தாய்க்கு இரவில் பிரசவம் தடைபடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வண்டி கிடைத்து, ஏற்காடு வந்து, 20 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி, சேலம் அரசு மருத்துவமனை வாசலை அடைய வேண்டும். சாலையில் மண் சரிந்திருந்தால் இரண்டு மணி நேரக் கணக்கு அங்கேயே முடிந்தது. இத்தகைய இடத்துக்கு வர விரும்பும் மாணவர் பிரசவ வார்டையும் விபத்துப் பிரிவையும் எலும்பு முறிவுப் பிரிவையும் அந்நியமாக நினைக்கக் கூடாது. பெரிய நகரத்தில் இவை தனித்தனி டாக்டர்களின் வேலை. இங்கே வந்தால் எல்லாம் ஒரே கதவைத் தட்டும்.

தர்மபுரி மாவட்டம் சித்தேரி, கல்வராயன் மலைகளுக்கு நடுவே உள்ள சிட்டிலிங்கியைப் பலர் அறிவீர்கள். 1993இல் அங்கே பழங்குடி மக்களுக்கான மருத்துவப் பணியைத் தொடங்கிய தம்பதியரில் டாக்டர் ரெஜி ஜார்ஜ் மயக்க மருந்து நிபுணர். டாக்டர் லலிதா ரெஜி மகப்பேறு மருத்துவர். ஆரம்பத்தில் அவர்கள் மருத்துவமனை ஒரு குடிசைதான். இந்த இரண்டு படிப்பும் ஒன்றாய்ச் சேர்ந்ததால் அங்கே தாய்மாருக்கு அறுவை செய்ய முடிந்தது.

சேர்வராயன் மலைக்குத் தென்கிழக்கே உள்ள கொல்லிமலையில் 1914இல் பிறந்த டாக்டர் பால் பிராண்ட்டையும் இங்கே நினைக்கிறேன். மிஷனெரிப் பெற்றோரின் மகன். இளமையில் மருத்துவமே வேண்டாமென்றிருந்தவர். இங்கிலாந்தில் கட்டட வேலையும் தச்சும் கற்றார். பிறகுதான் லண்டனில் மருத்துவம் படித்து, போர்க்காலத்தில் அறுவை சிகிச்சையில் தேறி, 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். 1947இல் செங்கல்பட்டு தொழுநோய் மருத்துவமனையைப் பார்வையிடப் போனபோது, மடங்கிப்போன கையுடைய ஒரு நோயாளியிடம் தம் கையைக் கொடுத்து அழுத்தச் சொன்னார். பிடி இரும்பாக இருந்தது! முன்கைத் தசைகள் நல்ல பலத்தோடு இருக்கின்றன என்பதை அந்தப் பிடி காட்டியது. அந்தப் பலத்தைத் தசைநாண் மாற்றி விரல்களுக்குக் கொடுக்கலாம் என்ற அறுவை முறை அதிலிருந்து வளர்ந்தது. குணமான கைகளுக்குப் பிழைப்பு வேண்டுமே என்று தச்சு கற்றுக்கொடுத்தபோது, அவர் பழைய தொழிலும் உதவிற்று. அவர் தம் துறையிலேயே நின்று வேறெங்கும் போகாதிருந்தால், அந்தக் கையைப் பிடித்துப் பார்த்திருக்கவே மாட்டார்.

ஆகவே மூப்பர் ஐயாவுக்கு என் பதில்: பிள்ளைக்கு மனம் மாறவில்லை. நன்றாகத்தான் தெரிந்துகொண்டிருக்கிறார். ஹவுஸ் சர்ஜன் ஆண்டில் விருப்பத்துக்கு விடும் வாரங்களில் ஒரு சிறிய மிஷன் மருத்துவமனைக்கும் அவர் வந்து பார்க்கட்டும். ரத்தம் கீழிருந்து வரும்வரை காத்திருப்பது என்ன, மின்சாரம் நின்றால் எது முதலில் நிற்கும், எந்த நோயாளியை இங்கே தொடாமல் உடனே சேலத்துக்கு அனுப்ப வேண்டும் என்பவற்றை இங்கேதான் அறியலாம். கடைசியாகச் சொன்னதுதான் மிகக் கடினமான பாடம் என்கிறார் எங்கள் மூத்த சர்ஜன்.

சபையின் ஆதரவில் படித்து, முடித்தபின் மிஷன் மருத்துவமனையில் இரண்டு ஆண்டு பணி செய்வது வேலூர்க் கல்லூரியின் மாணவர்களில் பலருக்கு நீண்டகால ஒப்பந்தம். உங்கள் சபையும் இப்படி யாரையாவது தாங்குமானால் கட்டணத்தோடு நின்றுவிடாதீர்கள். விருப்பப் பயிற்சிக்கு எங்கே போகிறார், யார் மேற்பார்வை, அங்கே தங்க இடம் உண்டா என்று விசாரியுங்கள். மாணவர் முதலில் தம் கல்லூரியில் அனுமதி பெற வேண்டும். பயிற்சிப் பதிவேட்டில் கையெழுத்திட இங்கே ஒரு மருத்துவர் பொறுப்பேற்க வேண்டும். வருகைப் பதிவு குறைந்தால் இறுதித் தேர்வு எழுத முடியாது. இவற்றுக்கெல்லாம் குறைந்தது மூன்று மாதத்துக்கு முன்பே எங்களுக்குக் கடிதம் எழுதச் சொல்லுங்கள். வருகிறவர்கள் கம்பளி எடுத்துவரட்டும். மார்கழியில் வருகிறவர்கள் இரண்டாக.