பெரியப்பாவும் அந்த 60,000 யூனிட் பாக்கெட்டும்

போன வாரம் ஊருக்குப் போயிருந்தேன். பெரியப்பாவுக்கு 74 வயசு. சட்டை தொளதொளன்னு தொங்குது. நாற்காலியிலிருந்து எழுந்திரிக்க ரெண்டு கையையும் ஊன்ற வேண்டியிருக்கு. ஊறுகாய் பாட்டிலைத் திறக்க முடியாம என்கிட்ட நீட்டிட்டு, "வயசாயிடுச்சுல்லப்பா" என்றார். மேஜை மேல 60,000 யூனிட் வைட்டமின் டி பாக்கெட்டுகள். மெடிக்கல்ல கேட்டு அண்ணன் வாங்கி வெச்சது. வெயில் படலை, அதான் இப்படி, இதைக் குடிச்சா தெம்பு வந்துடும்னு அண்ணன் கணக்கு.

அந்தக் கணக்கு பாதிதான் சரி.

பெரியப்பாவுக்கு இருப்பது வெறும் வயசு இல்ல. மருத்துவத்தில் இதுக்கு 'ஃப்ரெய்ல்ட்டி'னு பேரு, முதுமைத் தளர்ச்சின்னு வெச்சுக்கலாம். 2001-ல் அமெரிக்க மருத்துவர் லிண்டா ஃப்ரீட் குழு இதற்கு ஐந்து அடையாளங்கள் சொன்னது: முயற்சி பண்ணாமலே எடை குறைவது, எப்பவும் களைப்பு, கைப்பிடி பலம் குறைவது, நடை மெதுவாவது, நடமாட்டம் குறைவது. மூன்று இருந்தால் தளர்ச்சி. ஊறுகாய் பாட்டில் ஞாபகம் இருக்கா? அதுவும் கைப்பிடி விஷயம்தான்.

இதில் வைட்டமின் டி எங்கே வருது? பேருதான் வைட்டமின், வேலை செய்யறது ஹார்மோன் மாதிரி. வெயில் பட்டால் தோலில் உருவாகும், கல்லீரலில் ஒருமுறை மாறும், சிறுநீரகத்தில் இன்னொரு முறை மாறி வேலைக்குத் தயாராகும். அது குறைஞ்சா பாராதைராய்டு ஹார்மோன் ஏறி, எலும்பிலிருந்து கால்சியத்தை எடுக்கும். ரொம்பக் குறைஞ்சா தொடைத் தசையும் பலவீனமாகும். அப்படிப்பட்டவருக்கு மருந்து நிஜமாவே வேலை செய்யும், அதில் சந்தேகமே இல்ல.

ஐரோப்பாவில் எட்டு ஊர்களில் வயதான ஆண்களைத் தொடர்ந்து கவனிச்ச ஓர் ஆய்விலும், தளர்ந்தவர்களிடம் வைட்டமின் டி குறைவாகவும் பாராதைராய்டு ஹார்மோன் அதிகமாகவும் இருந்தது. ஆனா யோசிச்சுப் பாருங்க. தளர்ந்தவர் வெளியே போகமாட்டார். வெளியே போகாதவருக்கு வெயில் ஏது? எது முதல்ல வந்தது?

கொடுத்துப் பார்த்தாத்தானே தெரியும். கொடுத்துப் பார்த்தாங்க. சூரிச்சில், முன்பு ஒருமுறை விழுந்திருந்த 70 வயசுக்கு மேற்பட்ட 200 பேருக்கு, ஒரு வருஷம். சிலருக்கு மாசம் 24,000 யூனிட், சிலருக்கு 60,000. 2016-ல் வந்த முடிவு: அதிக டோஸால் கால் பலம் கூடவில்லை. விழுந்தவங்கதான் அதிகம்! அதே 60,000, கவனிச்சீங்களா? குறைபாடு இருக்குன்னு ரத்தப் பரிசோதனை பார்த்து டாக்டர் சில வாரத்துக்கு எழுதித் தருவது வேற. நாமளே வாங்கி, நிறுத்தாம கொடுத்துக்கிட்டே இருப்பது வேற.

டெஸ்டோஸ்டிரோன் கதையும் கிட்டத்தட்ட இப்படித்தான். அமெரிக்காவில் அது குறைவாக இருந்த 65 வயசு தாண்டிய 790 ஆண்களை வெச்சு, ஜெல் தடவி ஒரு வருஷம் பார்த்தாங்க. தாம்பத்திய ஆர்வம் கூடியது. நடையில பெரிய வித்தியாசம் இல்ல.

அப்போ எதுதான் உதவும்? எனக்குப் பிடிச்ச ஆய்வு பாஸ்டன் முதியோர் இல்லத்தில் நடந்து 1994-ல் வெளியானது. சராசரி வயசு 87. பத்து வாரம் கால்களுக்கு எடைப் பயிற்சி. பலம் இரண்டு மடங்குக்கு மேல ஆச்சு. வெறும் சத்துபானம் மட்டும் குடிச்சவங்களுக்கு அந்த மாற்றம் இல்ல. 87 வயசு!

அண்ணன்கிட்ட ரெண்டு விஷயம் சொன்னேன். முதல்ல வைட்டமின் டி, கால்சியம், சர்க்கரை, தைராய்டு டெஸ்ட் எடுத்துட்டு டாக்டரைப் பாரு, எடை ஏன் குறையுதுன்னு கேளு. அப்புறம், அவர் ஓகே சொன்னா, கையை ஊன்றாம நாற்காலியில் உட்கார்ந்து எழும் பயிற்சி, தினமும், பக்கத்துல ஒருத்தர் நின்னுக்கிட்டு. தட்டில் முட்டையோ சுண்டலோ கொஞ்சம் கூட.

பெரியப்பா நேத்து போன் பண்ணார். மூணு தடவை எழுந்தாராம். நாலாவதுக்குக் கையை ஊன்றிட்டாராம்.