பூவா, சொட்டா?

சித்திரை பிறந்து ஒரு வாரம் ஆகிறது. கீழே சேலத்தில் மொட்டை மாடிகள் ராத்திரி முழுக்கச் சூடு ஆறாமல் கிடந்திருக்கும். இங்கே ஏற்காட்டு மலையின் மஞ்சக்குட்டையில், விடியற்காலை ஐந்தரை மணிக்கு, ஓர் ஏசி மெக்கானிக் குரங்குக் குல்லாய் போட்டுக்கொண்டு, கடுங்காப்பித் தம்ளரை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் உருட்டியபடி நிற்கிறார். இந்தக் காட்சிக்காகத்தான் பஸ் ஏறி வந்தேன். ஊருக்கெல்லாம் குளிர் கொண்டுபோகிறவரின் வீடு! வாங்க, செருப்பைக் கழற்றிவிட்டு நீங்களும் உள்ளே வந்துவிடுங்கள்.

திண்ணையைப் பாருங்கள். செம்புக் குழாய்ச் சுருளுக்குப் பக்கத்தில் மிளகுக் கூடை. பழைய அவுட்டோர் யூனிட்டின் தகரக் கூட்டுக்குள் வைக்கோல் போட்டு ஒரு கோழி அடை காக்கிறது. கொடியில் பள்ளிக்கூடச் சீருடை, அதை ஒட்டி வரிசையாக நாலு ஏசி ஃபில்டர். எது யாருடையது என்று கேட்டால் அவருடைய மகள் சிரிக்கிறாள். கொல்லைப் பக்கம் சில்வர் ஓக் மரங்களுக்கு அடியில் காபிச் செடிகள். கோடை மழை ஒன்று பெய்திருந்ததால் வெள்ளை வெளேரென்று பூத்து, மல்லிகைப் பந்தலுக்குள் நிற்பது போல வாசம் அடிக்கிறது.

"ஊருக்கெல்லாம் ஜில்லுனு காத்து வர வைக்கிறாருங்க. இவரு மட்டும் வெந்நி இல்லாம குளிக்க மாட்டாரு" என்கிறார் அவர் மனைவி. அந்தத் தெருவில் எந்த வீட்டுச் சுவரிலும் ஏசி இல்லை.

ஆறு மணி ஆகவில்லை, போன் அடித்துவிட்டது. சேலம் அஸ்தம்பட்டியிலிருந்து ஒரு பெரியம்மா. ஸ்பீக்கரில் போட்டார். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டேன்.

"தம்பி, ராவெல்லாம் ஏசி ஓடுது, ரூம்பு மட்டும் குளிர மாட்டேங்குது. கேஸ் தீந்துபோச்சாட்ட இருக்குது."

"கண்ணாடி போட்டுக்கிட்டு ரிமோட்டை எடுங்கம்மா. மேல என்ன படம் தெரியுது? பூவா, சொட்டா?"

காசைச் சுண்டிவிட்டுக் கேட்பது போலவே கேட்கிறார்! பூ என்றால் பனிப்பூ, கூல் மோடு. சொட்டு என்றால் தண்ணீர்ச் சொட்டு, டிரை மோடு. டிரை மோடில் மிஷின் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சுவதில்தான் குறியாக இருக்கும், அறை பெரிதாகக் குளிராது. தலையணைக்கு அடியில் ரிமோட் நசுங்கினாலோ, பேரன் கையில் கிடைத்தாலோ மோடு மாறிவிடும்.

"சொட்டு மாதிரித்தான் இருக்குதுப்பா."

"மோடு பட்டனை அமுக்கிக்கிட்டே வாங்க, பூ வர்ற வரைக்கும். வந்துருச்சா? 24 வைங்க. மூணு நிமிஷம் பொறுங்க. போனை வெக்காதீங்க, நான் காப்பி குடிச்சுக்கிறேன்."

அந்த மூன்று நிமிஷம் எனக்கு மிகவும் பிடித்துப்போனது. மலையில் ஒருவர் காப்பியை உறிஞ்சுகிறார், கீழே ஒருவர் ஏசியை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கிறார். நின்ற கம்ப்ரஸர் உடனே கிளம்பாது, உள்ளே அழுத்தம் சமமாகட்டும் என்று மிஷினே சில நிமிஷம் காத்திருக்கும். இது தெரியாமல் ஆஃப், ஆன், ஆஃப், ஆன் என்று தட்டிக்கொண்டே இருப்பவர்களுக்கு மூன்று நிமிஷம் முடிவதே இல்லை. "ஜில்லுனு வருது சாமி!" என்று போனில் குரல் துள்ளியது. கூலி ஒரு பைசா இல்லை.

வருகிற காசை இப்படி விட்டுவிடலாமா என்று கேட்டேன். "இருபது வளைவு இறங்கி, ஒரு பட்டனை அமுக்கிட்டு, திரும்ப இருபது வளைவு ஏறணுமுங்க. என் முதுகு என்னத்துக்காகும்?" என்றார். ஏற்காடு–சேலம் மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகள்தான் இவரை இப்படிப் போனிலேயே வைத்தியம் பார்க்கப் பழக்கியிருக்கின்றன. வீடு சேலத்திலேயே இருந்திருந்தால் இந்தக் கலை கைவந்திருக்காது என்றே நினைக்கிறேன்.

அடுத்த அழைப்பில் ரிமோட்டே வேலை செய்யவில்லை. "செல்போன் கேமராவை ஆன் பண்ணி, ரிமோட் மூக்கைக் கேமராவுக்கு நேரா காட்டி ஒரு பட்டனை அமுக்குங்க. வெளிச்சம் மின்னுதா?" கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி பல போன் கேமராக்களில் ஊதா வெள்ளையாகத் தெரியும், முன்பக்கக் கேமராவில் இன்னும் நன்றாக. மின்னவில்லை என்றால் முதலில் ரிமோட்டின் பேட்டரி செல்லை மாற்ற வேண்டியதுதான். நான் அங்கேயே அவர் வீட்டு டிவி ரிமோட்டை எடுத்து மின்ன வைத்து மின்ன வைத்துப் பார்த்தேன். நீங்களும் பாருங்கள், விட மனசு வராது.

ஆம்னி வேன் கிளம்புகிறது. உள்ளே ஏணி, வேக்குவம் பம்ப், கேஸ் சிலிண்டர், கேஜ் செட், நடுவில் ஒரு பெரிய பலாப்பழம். அது சேலம் ஃபேர்லேண்ட்ஸ் வாடிக்கையாளர் வீட்டுக்கு. பின்சீட்டில் பத்தொன்பது வயசு உதவியாளர் பையன், மடியில் கருவிப் பை. வளைவுக்கு ஒரு பாடம் என்பது இவர்கள் ஏற்பாடு. வளைவுப் பலகை கண்ணில் பட்டதும் ஒரு கேள்வி விழுகிறது.

"எம்சிபி ஸ்விட்ச் விழுந்து கிடக்குது. என்ன பண்ணச் சொல்லுவ?"

"ஒருதரம் தூக்கிவிடச் சொல்லுவேங்ணா. மறுபடி விழுந்தா தொட வேண்டாம், நாம வர்றோம்னு சொல்லுவேன்."

"ஸ்டெபிலைசர்ல லைட்டு மாறி மாறி எரியுது?"

"வோல்டேஜ் ஏறி இறங்குது. கொஞ்ச நேரம் பொறுக்கச் சொல்லணும்."

"ஒரு டன்னுன்னா என்ன?"

பையன் வாய்விட்டுச் சிரித்தான். போன வாரம் ஒரு வீட்டுக்காரர், "ஒரு டன் வெயிட்டை எங்க செவுரு தாங்குமா தம்பி?" என்று கேட்டாராம். எடைக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லாமல் இல்லை, ஆனால் அது ஐஸின் எடை. ஒரு டன் ஐஸ் 24 மணி நேரத்தில் உருகும்போது எவ்வளவு சூட்டை இழுத்துக்கொள்ளுமோ, அதே வேகத்தில் அறையின் சூட்டை வெளியே தள்ளுவது ஒரு டன் ஏசி. ஐஸ் பாளங்களை அறுத்து விற்ற காலத்துக் கணக்கு இன்றும் நம் படுக்கையறைச் சுவரில் தொங்குகிறது என்று கேட்டதும் எனக்குப் புல்லரித்தது.

பாதி வழியில் ஸ்வெட்டர் கழன்றது, முக்கால் வழியில் குல்லாய். ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரம், சேலம் 300 மீட்டருக்கும் கீழே. ஆயிரம் மீட்டர் இறங்கினால் ஆறு டிகிரிக்கு மேல் கூடிவிடும். அடிவாரம் தாண்டிக் கோரிமேட்டுக்கு வந்தபோது ஜன்னல் வழியாக அடித்தது அடுப்புக் காற்று.

முதல் வீட்டில் மெத்தை மேல் பிளாஸ்டிக் வாளி. இண்டோர் யூனிட்டிலிருந்து டொக், டொக் என்று தண்ணீர். வீட்டுக்காரர் ராத்திரி ரெண்டு தரம் எழுந்து வாளியைக் கொட்டினாராம், கண் சிவந்து கிடக்கிறது. மெக்கானிக் இண்டோரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை! மெயினை ஆஃப் பண்ணிவிட்டு நேராகப் பின்பக்கம் போனார், ட்ரெயின் பைப் முடிகிற இடத்துக்கு. பையன் குந்தி உட்கார்ந்து பைப்புக்குள் எட்டிப் பார்த்தான். "குளவிக் கூடுங்ணா!" களிமண்ணைக் குழைத்துப் பூசினாற்போல் அச்சடித்த கூடு. ஒரு குச்சியால் மெதுவாக நோண்டியதும், அடைபட்டிருந்த பழுப்புத் தண்ணீர் பையன் சட்டையெல்லாம் பீச்சி அடித்தது. வீடே சிரித்தது. அவனும்தான். அப்புறம் ஒரு சொம்புத் தண்ணீரை விட்டு ஓட்டம் பார்த்தார்கள். பாசி, தூசி, குளவி, எறும்பு, இதில் ஏதாவது ஒன்று குழாயை அடைத்துக்கொள்கிறது. குழாய் வாயைச் சுத்தம் பண்ணுவது நம்மால் முடிகிற வேலைதான்.

இந்தச் சொட்டுத் தண்ணீரை நாம் தொல்லை என்று நினைக்கிறோம். ஆனால் ஏசி பிறந்ததே இதற்காகத்தான். 1902-ல் நியூயார்க்கின் புரூக்ளினில் ஓர் அச்சகத்தில் காற்றின் ஈரத்தால் காகிதம் ஊதிச் சுருங்கி, ஒரு வண்ணம் இன்னொரு வண்ணத்தின் மேல் சரியாக உட்காரவில்லை. அந்த ஈரத்தை எடுக்கத்தான் வில்லிஸ் கேரியர் என்ற இளம் பொறியாளர் தன் இயந்திரத்தை வடிவமைத்தார். கோடைத் தூக்கம் பின்னால் வந்த சலுகை.

ஃபேர்லேண்ட்ஸ். பலாப்பழம் இறங்கியது, வீடே வாசம். இந்த வீட்டுக் குழப்பம் விசித்திரம்: அறை குளிரவில்லை, ஆனால் ஏசிக்குள் ஐஸ் கட்டியிருக்கிறது. முன் மூடியைத் தூக்கியதும் கூலிங் காயில் மேல் வெள்ளைப் பாளம்! வீட்டுப் பிள்ளைகள் நாற்காலி போட்டு ஏறிவிட்டார்கள். ஃபில்டரை உருவினால் கம்பளி மாதிரித் தூசி. மூத்தவள் அதில் விரலால் தன் பெயரை எழுதிவிட்டாள்.

"கேஸ் போடணுமுங்களா?" என்று வீட்டம்மா கேட்டார். சேலம் முழுக்க, ஏன் தமிழ்நாடு முழுக்க, எல்லா ஏசிக் கோளாறுக்கும் ஜனங்கள் சொல்லும் ஒரே வியாதி இதுதான். மெக்கானிக் ஏணியிலிருந்து இறங்கி வந்து, நின்று, நிதானமாகப் பதில் சொன்னார். அன்று முழுக்க அவர் இவ்வளவு அழுத்தமாக வேறெதையும் பேசவில்லை.

"அக்கா, கேஸு பெட்ரோல் இல்லீங்க, ஓட ஓடத் தீர்றதுக்கு. மூடுன குழாய்க்குள்ளயே சுத்திச் சுத்தி வர்ற சரக்கு. கம்மியாயிருச்சுன்னா எங்கயோ ஓட்டை இருக்குதுன்னு அர்த்தம். ஓட்டையை அடைக்காம கேஸ் மட்டும் போட்டா ஓட்டைச் சட்டியில பால் ஊத்துற மாதிரிதான். யாராச்சும் வருஷா வருஷம் கேஸ் போடணும்னு சொன்னா, ஓட்டை எங்கன்னு கேளுங்க."

இங்கே ஓட்டை இல்லை, தூசிதான். காற்று புகாமல் காயில் மேலேயே குளிர் தங்கி, ஈரம் உறைந்துவிட்டது. கூலிங்கை நிறுத்தி ஃபேன் மோடில் ஓடவிட்டார். ஐஸ் உருகுகிற வரைக்கும் எல்லோரும் பலாச்சுளை தின்றோம். கத்தியால் சுரண்டக் கூடாதாம், காயில் ஓட்டையாகிவிடும். ஃபில்டரைக் குழாயடியில் மென்மையாகக் கழுவி, நிழலில் நன்றாகக் காயவைத்து மாட்டினார்கள். வெயில் காலத்தில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை இதைச் செய்யச் சொன்னார். கழுவிய பிறகும் ஐஸ் கட்டினால் அப்போது கூப்பிட வேண்டும். ரிமோட்டில் இருந்த 16-ஐயும் பார்த்துவிட்டார். குறைத்து வைத்தால் சீக்கிரம் குளிரும் என்பது நம் நினைப்பு. அவ்வளவு தூரம் போய்ச் சேர முடியாமல் மிஷின்தான் ஓய்வில்லாமல் உழைக்கும். 2020 ஜனவரி முதல் நட்சத்திரக் குறியீடுள்ள அறை ஏசிகள் 24 டிகிரியில் தொடங்கும்படிதான் வர வேண்டும் என்பது விதி.

மதியம் ஒரு மணி, அழகாபுரத்தில் ஒரு மொட்டை மாடி. இதைத்தான் வீட்டுக்காரர்கள் யாரும் பார்ப்பதில்லை. கீழே கதவைச் சாத்தி எல்லோரும் படுத்திருக்க, மேலே கால் வைக்க முடியாத தரையில் சாக்கை நனைத்துப் போட்டு மண்டியிடுகிறார்கள் இரண்டு பேர். அவுட்டோரைச் சுற்றிப் பழைய கட்டில், பூந்தொட்டி, அதன் மேலேயே காயப்போட்ட போர்வை. "மூக்கைப் பொத்திக்கிட்டு ஓடுன்னா எப்படிங்க ஓடும்?" என்று சொல்லிக்கொண்டே ஒவ்வொன்றாக நகர்த்தினார். அறையின் சூடெல்லாம் இந்த வழியாகத்தான் வெளியே போயாக வேண்டும். அவர் முதுகுச் சட்டையில் வேர்வை காய்ந்து உப்புக்கோடு விழுந்து, அதன் மேலேயே இன்னொரு கோடு விழுகிறது. காலையில் குல்லாய் போட்டிருந்த மனுஷன்தானா இவர்?

பக்க மூடியைத் திறக்கும்போது மட்டும் என்னையும் பையனையும் நாலடி தள்ளி நிற்கச் சொன்னார். கரண்ட்டை நிறுத்திய பிறகும் கெபாசிட்டரில் அடி காத்துக்கொண்டிருக்கும். புது ஏசிகளில் வரும் ஆர்-32, ஆர்-290 கேஸ் இரண்டுமே தீப்பிடிக்கக்கூடியவை. "திருப்புளி எடுக்கற வேலைன்னா அது எங்க வேலைங்க. கருகுன வாசம் வந்தா மெயினை ஆஃப் பண்ணிட்டு உடனே கூப்பிடச் சொல்லுங்க. அதுக்கு நான் நாப்பது வளைவுன்னாலும் இறங்குவேன்."

உள்ளே, தொடர்பு முனைகளுக்கு நடுவில், ஒரு பல்லி செத்துக் கிடந்தது. அவுட்டோரை ஓடவிடாமல் கரண்ட்டைத் தடுத்த ஆள் அதுதான். பையன் அதைக் காகிதத்தில் பொதிந்து தொட்டி மண்ணில் புதைத்துவிட்டு வந்தான். யாரும் எதுவும் சொல்லவில்லை.

மாடிப்படி நிழலில் தட்டுவடை செட். பீட்ரூட், கேரட், பூண்டுச் சட்னி எல்லாம் விரலோடு வழிய, மூன்று பேரும் பேச்சில்லாமல் தின்றோம். சேலத்து வெயிலில் அதைவிட ருசியான ஒன்றை நான் தின்றதில்லை.

சாயங்காலம் வேன் மறுபடி மலையேறியது. வளைவுக்கு வளைவு காற்று மாறிக்கொண்டே வந்தது, ஸ்வெட்டர் திரும்பவும் ஏறியது. பன்னிரண்டாவது வளைவுக்குப் பக்கத்தில் போன் அடித்தது. மெக்கானிக்கின் இரண்டு கையும் ஸ்டீயரிங்கில். பின்னால் திரும்பாமலே, "எடுத்துப் பேசுறா" என்றார்.

பையன் சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டான், குளவிக் கூட்டுக் கறை இன்னும் போகாத அதே சட்டை. தொண்டையைச் சரிசெய்துகொண்டான். அந்தப் பக்கத்தில் யாரோ படபடவென்று பேசி முடிக்கிற வரைக்கும் பொறுமையாகக் கேட்டான்.

"சரிங்கக்கா, ரிமோட்டைக் கையில எடுத்துக்கங்க. மேல என்ன படம் தெரியுது? பூவா, சொட்டா?"