காலிப் பீப்பாய்தான் பொல்லாதது!

கார் நிக்கோபார் தீவில் விளக்கு எரியப் பெரிதும் டீசலே துணை. அதுவோ கப்பலேறி வரவேண்டும். எண்ணெய் நிறைந்த பீப்பாயைக் கண்டு அஞ்சும் தொழிலாளி, காலிப் பீப்பாய் மீது சாவகாசமாக உட்கார்ந்து பீடி பற்ற வைப்பதுண்டு.

உண்மையில் காலிப் பீப்பாயே பொல்லாதது. பெட்ரோல் இருந்த பீப்பாயில் மிஞ்சிய ஆவி காற்றுடன் கலந்து நிற்கும். ஒரு பொறி பட்டால் வெடிக்கும். காற்றைவிடக் கனமான அந்த ஆவி தரையோடு ஊர்ந்து, தள்ளியிருக்கும் அடுப்பையும் எட்டும். முறைப்படி சுத்தம் செய்து சோதிக்காத பீப்பாயில் வெல்டிங் வைக்கவே கூடாது. எண்ணெய்த் தீயில் தண்ணீர் ஊற்றினால் தீ பரவும். மணலோ நுரையோதான் வேண்டும்.

1984 போபால் நச்சுவாயு விபத்துக்குப் பின், 1987-ல் தொழிற்சாலைச் சட்டம் திருத்தப்பட்டது. அபாயச் சரக்கின் தன்மையை நிர்வாகம் தொழிலாளிக்குச் சொல்லியாக வேண்டும் என்றது அது. "இது என்ன சரக்கு? பட்டால் என்ன செய்வது?" என்று கேட்டபின் கை வைப்பது கோழைத்தனமல்ல, கடல் கடந்து பிழைக்க வந்தவர் குடும்பத்துக்குச் செய்யும் கடமை.