ஈட்டியும் தூண்டிலும்

விதி அனைவருக்கும் ஒன்றாக இருத்தலே நீதி என்பது பலரும் ஏற்கும் கருத்து. ஆயினும், ஒரே ஏரியில் இருவேறு முறைகளில் மீன் பிடிப்போருக்கு ஒரே விதி பொருந்துமா? அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் இவ்வினா பெரும்பூசலாக மூண்டது.

அம்மாநிலத்தின் வடபகுதி ஏரிகள் நிறைந்தது. அங்கு வாழும் தொல்குடியினர் ஒஜிப்வே மக்கள். இளவேனிற்காலத்தில் ஏரிகளின் பனிக்கட்டி உருகியதும், ‘வால்ஐ’ என்னும் நன்னீர் மீன்கள் முட்டையிடுவதற்காகக் கரையோரக் கூழாங்கற் பரப்பை நாடி வரும். இரவில் ஒளி பட்டால் அவற்றின் கண்கள் மின்னும். அம்மின்னலைக் குறியாகக் கொண்டு, படகில் நின்றவாறே ஈட்டியால் குத்திப் பிடிப்பது ஒஜிப்வே மக்களின் மரபு. முற்காலத்தில் அவர்கள் தீப்பந்தம் ஏந்தினர். இக்காலத்தில் மின்விளக்கைப் பயன்படுத்துகின்றனர்.

1837, 1842 ஆகிய ஆண்டுகளில் செய்துகொண்ட ஒப்பந்தங்களின் வழியே அம்மக்கள் தம் நிலத்தை அமெரிக்க அரசுக்கு விட்டுக்கொடுத்தனர். எனினும், அந்நிலத்தில் வேட்டையாடவும் மீன் பிடிக்கவும் தமக்கிருந்த உரிமையை அவர்கள் விட்டுக்கொடுக்கவில்லை. காலப்போக்கில் மாநில அரசு இவ்வுரிமையை ஏற்க மறுத்தது. தொல்குடியினருக்கென ஒதுக்கிய எல்லைக்கு வெளியே ஈட்டியால் மீன் பிடித்தோர்மீது வழக்குத் தொடுத்தது. 1974இல் சகோதரர் இருவர் இத்தடையை வேண்டுமென்றே மீறி வழக்கிற்கு ஆளாயினர். அதன் தொடர்ச்சியாக, 1983இல் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம், ஒப்பந்த உரிமை இன்னும் உயிருடன் உள்ளது எனத் தீர்ப்பளித்தது.

தூண்டிற்காரர்கள் இத்தீர்ப்பை அநீதியாகக் கருதினர். முட்டையிடும் பருவத்தில் தமக்குத் தடை இருக்க, பிறர் ஈட்டி ஏந்தலாமா என வினவினர். தொல்குடியினர் மீன் பிடிக்கும் ஏரிகளில் தம் அன்றாட வரம்பு ஐந்து மீன்களிலிருந்து மூன்றாகவோ இரண்டாகவோ குறைக்கப்பட்டதும் அவர்களை வருத்தியது. இக்குறை பொய்யன்று. ஆனால், எதிர்ப்பு எல்லை மீறியது. 1980களின் பிற்பகுதியில் படகுத்துறைகளில் கூடியோருள் சிலர் கற்களை எறிந்தனர், இழிசொற்களால் ஏசினர். தொல்குடியினர் காவலரின் பாதுகாப்புடன் நீரில் இறங்க நேர்ந்தது.

ஈட்டியால் மீன்வளம் அழிகிறதா? கூட்டாட்சி, மாநிலம், தொல்குடியினர் ஆகிய முத்தரப்பினரும் இணைந்து ஆராய்ந்து 1991இல் வெளியிட்ட அறிக்கை, அவ்வாறு அழியவில்லை எனக் கூறியது. தொல்குடியினர் பிடிப்பதைக் காட்டிலும் தூண்டிற்காரர்கள் பிடிக்கும் மொத்த அளவே மிகுதி. மேலும், ஈட்டியில் அகப்படுவனவற்றுள் பெரும்பாலானவை ஆண்மீன்கள்.

இரு முறைகளின் இயல்பும் வேறு. தூண்டிலில் சிக்கிய சிறுமீனை உயிருடன் நீரில் விட்டுவிடலாம். ஈட்டி பாய்ந்த மீனை விட இயலாது. ஆதலால், ஈட்டிக்கான விதிகள் வேறு வகையில் கடுமையானவை. எந்த ஏரியில், எந்த இரவில், எத்தனை மீன் பிடிக்கலாம் என்பதை ஓர் இரவுக்குரிய அனுமதிச்சீட்டு வரையறுக்கிறது. 20 அங்குலத்திற்கு மேற்பட்ட பெருமீன்களுக்குத் தனிக் கட்டுப்பாடு உண்டு. கரைக்கு வரும் ஒவ்வொரு மீனும் எண்ணப்படுகிறது. ஏரிக்கு அறிவித்த அளவு நிறைந்ததும் ஈட்டி ஓய்கிறது. தூண்டிற்காரர்களின் மீன்களோ, மாதிரிக் கணக்கெடுப்பின் வழியே மதிப்பிடப்படுகின்றன.

இருசாராரையும் இணைப்பது ஒரே அளவுகோல். ஓர் ஏரியில் வளர்ந்த வால்ஐ மீன்களுள் 35 விழுக்காட்டிற்கு மேல் ஓராண்டில் பிடிக்கலாகாது என்பதே அது. ஈட்டியின் பங்கும் தூண்டிலின் பங்கும் இவ்வரம்பிற்குள் அடங்க வேண்டும். விதிகள் வேறுபட்டாலும் அவற்றின் நோக்கம் ஒன்றே: அடுத்த ஆண்டும் ஏரியில் மீன் இருக்க வேண்டும்.

தூண்டிற்காரர் இழந்தவை நாளொன்றுக்கு இரண்டு அல்லது மூன்று மீன்கள். ஒஜிப்வே மக்கள் விட்டுக்கொடுத்ததோ பரந்த நிலம். ஒப்பந்தத்தால் நிலத்தைப் பெற்றுக்கொண்டு, அதற்கு ஈடாகக் கொடுத்த வாக்கை மட்டும் மறுப்பது முறையாகாது. ஆகவே, விதிகள் ஒன்றுபோல் உள்ளனவா எனக் காண்பதோடு நில்லாமல், ஒவ்வொரு விதியும் எக்காரணத்தால் தோன்றியது எனவும் ஆராய்தல் வேண்டும். நீதியை அறியும் வழி அதுவே.

சிந்தனை வினாக்கள்

1. ஈட்டிக்கும் தூண்டிலுக்கும் வெவ்வேறு விதிகள் அமைந்தமைக்கான காரணங்கள் இரண்டனை எழுதுக.
2. தூண்டிற்காரர்களின் குறை பொய்யன்று எனக் கட்டுரை கூறுவது ஏன்?
3. ‘ஒரே விதி, ஒரே நீதி’ – இக்கருத்தை ஏற்கிறீரா? காரணம் காட்டி விளக்குக.