லண்டன் – பாரிஸ்: பயணத் தூரமும் விமான நேரமும்

ஐக்கிய இராச்சியத்தின் தலைநகரான லண்டனுக்கும் பிரான்சின் தலைநகரான பாரிசுக்கும் இடையே உள்ள மிகக் குறுகிய வான்வழித் தூரம் சுமார் 344 கி.மீ. ஆகும். இரு நகரங்களுக்கும் இடையே ஆங்கிலக் கால்வாய் என்னும் கடற்பகுதி உள்ளது. இதனால் சாலை, ரயில் பாதைகளின் தூரம் இதைவிட அதிகம். ரயில் பாதையின் நீளம் சுமார் 492 கி.மீ.

விமான நேரம்

பயணிகள் ஜெட் விமானம் மணிக்கு சுமார் 800 கி.மீ. வேகத்தில் பறக்கக்கூடியது. அந்தக் கணக்கின்படி 344 கி.மீ. தூரத்தை 26 நிமிடங்களில் கடந்துவிடலாம். ஆனால் கால அட்டவணைகளில் இப்பயணத்துக்குச் சுமார் 1 மணி 15 நிமிடம் குறிக்கப்படுகிறது. நிறுத்துமிடத்திலிருந்து ஓடுபாதைக்குச் செல்லுதல், மேலேறுதல், கீழிறங்குதல், தரையிறங்க முறைக்காகக் காத்திருத்தல் ஆகியவற்றுக்கு ஆகும் நேரமும் அதில் அடங்கும். குறுகிய தூரப் பயணத்தில் விமானம் முழு வேகத்தில் பறப்பது சில நிமிடங்களே.

இப்பகுதியில் பெரும்பாலும் மேற்கிலிருந்து காற்று வீசுகிறது. ஆகவே பாரிசிலிருந்து லண்டன் திரும்பும்போது சில நிமிடங்கள் கூடுதலாகலாம்.

கடிகார வேறுபாடு

பாரிஸ் நேரம் லண்டன் நேரத்தைவிட 1 மணி முன்னால் உள்ளது. லண்டனில் காலை 10:00 மணிக்குப் புறப்படும் விமானம், பாரிஸ் நேரப்படி நண்பகல் 12:15 மணிக்குச் சேரும். பாரிசில் காலை 10:00 மணிக்குப் புறப்பட்டால் லண்டனில் 10:15 தான் ஆகியிருக்கும். கோடைகால நேர மாற்றம் இரு நாடுகளிலும் ஒரே நாளில் நடைபெறுவதால் இந்த வேறுபாடு ஆண்டு முழுவதும் மாறுவதில்லை.

ரயிலும் சுரங்கப்பாதையும்

கடலுக்கு அடியில் செல்லும் கால்வாய்ச் சுரங்கப்பாதை 1994 மே 6 அன்று திறக்கப்பட்டது. இதன் நீளம் சுமார் 50 கி.மீ.; அதில் ஏறக்குறைய 38 கி.மீ. கடலுக்கு அடியில் உள்ளது. 2007 நவம்பரில் இங்கிலாந்துப் பகுதியின் அதிவேகப் பாதை நிறைவடைந்தது. அதன்பின் யூரோஸ்டார் ரயில் லண்டன் செயின்ட் பேங்க்ரஸ் நிலையத்திலிருந்து பாரிசின் கார் து நோர் நிலையத்தை ஏறக்குறைய 2 மணி 16 நிமிடத்தில் அடைகிறது. இதன் உச்ச வேகம் மணிக்கு 300 கி.மீ.

எது விரைவானது?

பறக்கும் நேரத்தை மட்டும் பார்த்தால் விமானமே விரைவானது. ஆனால் லண்டனின் ஹீத்ரோ, பாரிசின் சார்லஸ் டி கோல் ஆகிய விமான நிலையங்கள் நகர மையத்திலிருந்து 20 கி.மீ.க்கும் அப்பால் உள்ளன. அங்கு செல்லும் நேரம், பாதுகாப்புச் சோதனை, பெட்டிகளுக்காகக் காத்திருத்தல் அனைத்தையும் கூட்டினால், நகர மையத்திலிருந்து நகர மையம் வரை சுமார் 5 மணி நேரம் ஆகிறது. ரயில் நிலையங்கள் நகருக்குள்ளேயே உள்ளன. இரு நாடுகளின் கடவுச்சீட்டுச் சோதனையும் ஏறும் நிலையத்திலேயே முடிந்துவிடுகிறது. எனவே ரயிலில் மொத்தம் ஏறக்குறைய 4 மணி நேரம் போதும். ஒரு பயணிக்குக் கணக்கிட்டால் கரிம வெளியேற்றமும் ரயிலில் மிகக் குறைவு.

ஆகவே இரு நகரங்களுக்கு இடையிலான பயணத்தைத் திட்டமிடுவோர் விமான நேரத்தை மட்டும் பாராமல், வீட்டு வாசலிலிருந்து சேருமிடம் வரையிலான மொத்த நேரத்தைக் கணக்கிடுவதே சரியானது.