பங்குனி வந்தா பெண் குதிரைக்கு என்ன ஆகுது? ‘திமிர்’னு சொல்றதுக்கு முன்னாடி இதைப் படிங்க!

காஞ்சிபுரம் மாவட்டத்துக்காரர்களுக்குக் குதிரை ஒன்றும் புதுசு இல்லை. வைகாசி பிரம்மோற்சவத்தில் வரதராஜப் பெருமாள் குதிரை வாகனத்தில் வருவார். அதே கோயிலின் நூற்றுக்கால் மண்டபத் தூண்களில் கல் குதிரைகள் முன்னங்கால்களைத் தூக்கியபடி நிற்கும். கிராமத்து எல்லையில் ஐயனாருக்கு மண் குதிரைகள் காவல் இருக்கும். இந்தக் குதிரைகளிடம் ஒரு நல்ல விஷயம், எதுவும் உதைக்காது.

ஆனால், உத்திரமேரூர் பக்கம் ஏதாவது ஒரு கிராமத்தில் மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு வரும் நிஜக் குதிரை அப்படி இல்லை. அதுவும் பெண் குதிரையாக இருந்து, மாசி பங்குனி மாதமாகவும் இருந்தால் குதிரைக்காரர்கள் கொஞ்சம் உஷாராகவே இருப்பார்கள். நேற்றுவரை குழந்தை தொட்டாலும் சும்மா நின்ற குதிரை, இன்றைக்குச் சேணம் போட விடாது. காதை மடக்கும், வாலைச் சுழற்றும், ‘கீச்’ என்று கத்தும். உடனே சுற்றியிருப்பவர்கள் சொல்லும் தீர்ப்பு ஒன்றுதான்: “திமிரு ஏறிடுச்சு. ரெண்டு போட்டா அடங்கும்!”

அடங்காது. சில நேரம் உங்கள் விலா எலும்புதான் அடங்கும். உண்மையில் அந்தக் குதிரைக்குள் என்ன நடக்கிறது? பார்க்கலாம்.

எல்லாம் வெளிச்சம் செய்யும் வேலை

பசு பருவத்துக்கு வந்தால், ‘மாடு காளைக்குக் கத்துது’ என்று ஊரில் சின்னப் பிள்ளைகூட சொல்லும். பெண் குதிரைக்கும் அதேதான். ஆனால், ஒரு வித்தியாசம் உண்டு. பசு வருஷம் முழுக்கப் பருவத்துக்கு வரும். குதிரை இயல்பிலேயே பகல் நீளமாக இருக்கும் மாதங்களில் இனப்பெருக்கம் செய்யும் விலங்கு.

கண்ணில் படும் வெளிச்சத்தை வைத்து மூளை பகலின் நீளத்தைக் கணக்கு போடுகிறது. இருட்டு நேரத்தில் மெலடோனின் என்ற ஹார்மோன் சுரக்கும். இரவு நீளமாக இருந்தால் அது அதிக நேரம் சுரந்து, சினைப்பையை ‘ஸ்லீப் மோடு’க்கு அனுப்பிவிடும். பகல் நீள ஆரம்பித்ததும் மெலடோனின் குறையும், சினைப்பை விழித்துக்கொள்ளும். குதிரையின் சினைக்காலம் சுமார் 11 மாதங்கள். வசந்தத்தில் சினையானால் அடுத்த வசந்தத்தில் குட்டி பிறக்கும். புல் செழித்திருக்கும், குளிரும் இருக்காது. இயற்கை போட்ட பக்காவான கால அட்டவணை அது.

இதைத் தெரிந்துகொண்டுதான் பந்தயக் குதிரைப் பண்ணைகளில் டிசம்பரிலேயே லாயத்தில் லைட் போட்டுவைக்கிறார்கள். பகல் வெளிச்சமும் லைட்டும் சேர்ந்து தினமும் 16 மணி நேரம் கிடைத்தால், இரண்டு மாதங்களில் குதிரையின் உடம்பு ‘வசந்தம் வந்தாச்சு’ என்று நம்பிவிடும்.

‘ட்ரான்ஸிஷன்’ என்ற குழப்பமான வாரங்கள்

சினைப்பை ஒரே நாளில் விழித்துக்கொள்வதில்லை. ஆரம்ப வாரங்களில் கருமுட்டைப் பைகள் வளரும். ஆனால், முட்டை வெளிவராமலே சுருங்கிவிடும். திரும்பவும் வளரும், திரும்பவும் சுருங்கும். பருவ அறிகுறிகள் நாள்கணக்கில், சில குதிரைகளுக்கு வாரக்கணக்கில்கூட விட்டுவிட்டு வரும். வசந்தத்தில் பெண் குதிரைகள் ‘கஷ்டம் கொடுப்பதாக’ச் சொல்லப்படுவதற்கு முக்கியக் காரணம் இந்தக் காலகட்டம்தான்.

முதல் முட்டை வெளிவந்த பிறகு எல்லாம் ஓர் ஒழுங்குக்கு வந்துவிடும். சராசரியாக 21 நாளுக்கு ஒரு சுழற்சி. அதில் 5 முதல் 7 நாள் பருவம். வாலைத் தூக்குவது, கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி சிறுநீர் கழிப்பது, பின்கால்களை அகட்டி நிற்பது, மற்ற குதிரைகளைத் தேடிக் கனைப்பது, வேலையில் கவனம் சிதறுவது எல்லாம் அந்த நாள்களின் அறிகுறிகள்.

இங்கேதான் பலரும் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். முழுப் பருவத்தில் இருக்கும் பெண் குதிரை, ஆண் குதிரையைப் பார்த்தால் பெரும்பாலும் நிதானமாகவே நிற்கும். காதைப் பின்னால் மடக்கி, கத்தி, உதைத்தால் ‘எனக்கு இப்போ வேண்டாம், தள்ளிப் போ’ என்று அர்த்தம். அதாவது, உதை விழுந்ததாலேயே ‘பருவம் வந்துடுச்சு’ என்று முடிவுகட்ட முடியாது.

நம்ம ஊருக்கு வசந்தம் உண்டா?

நியாயமான கேள்வி. லண்டனில் கோடையின் நீளமான பகலுக்கும் குளிர்காலத்தின் குறுகிய பகலுக்கும் இடையே கிட்டத்தட்ட 9 மணி நேர வித்தியாசம் உண்டு. உத்திரமேரூரில் அது சுமார் ஒன்றரை மணி நேரம்தான். நிலநடுக்கோட்டை நெருங்க நெருங்க, வெளிச்சத்தின் பிடி தளர்ந்துவிடும். அதனால் நம் ஊர்ப் பெண் குதிரைகள் பல, வருஷத்தின் எந்த மாதத்திலும் பருவத்துக்கு வரலாம். தீவனம், உடல்நிலை, வயது எல்லாம் இதைத் தீர்மானிக்கும்.

அப்படியென்றால் தை முதல் வைகாசி வரை மட்டும் ஏன் இவ்வளவு புகார்? நம் காலண்டரைப் பாருங்கள். மார்கழியில் கல்யாணம் கிடையாது. ஊர்வலக் குதிரை வேலையில்லாமல் கட்டுத்தறியில் நிற்கும். கொள்ளு மட்டும் வழக்கம்போலக் கிடைக்கும். தை பிறந்ததும் திடீரென முகூர்த்தம் மேல் முகூர்த்தம். பேண்டு செட், சரவெடி, ஜெனரேட்டர், டிஜே லைட், முகத்துக்கு நேராக செல்போன் ஃப்ளாஷ். பின்னாடியே வெயிலும் ஈயும் வந்து சேரும். ஓடாமல் சேர்த்துவைத்த சக்தி, சத்தம், சூடு மூன்றும் ஒன்று சேரும்போது, ஆண் குதிரையே மிரளும். பெண் குதிரை மிரண்டால் மட்டும் பழி ‘பருவத்தின்’ மேல் விழுகிறது.

முதல் மருந்து: ஒரு காலண்டர்

குதிரை என்றைக்குச் சிடுசிடுத்தது, என்ன செய்தது, எவ்வளவு நாள் நீடித்தது என்று போனிலேயே குறித்துவையுங்கள். இரண்டு மூன்று சுழற்சிகள் பார்த்தால் போதும்.

21 நாளுக்கு ஒருமுறை அதே மாதிரி வந்து ஒரு வாரத்தில் சரியானால், அது பருவம். கணக்கு ஒத்துவராமல் எப்போதும் அப்படியே இருந்தால், சேணம் போடும்போது மட்டும் கடிக்க வந்தால், ஒரு பக்கம் திரும்பும்போது மட்டும் முரண்டு பிடித்தால் வலியாக இருக்க வாய்ப்பு அதிகம். பொருந்தாத சேணத்தால் முதுகுப் புண், கூர்மையான கடைவாய்ப் பல் கன்னத்தைக் குத்துவது, இரைப்பைப் புண், குளம்பு வலி, சிறுநீர்த் தொற்று எனப் பட்டியல் நீளம். அரிதாக, சினைப்பையில் கட்டி வந்தால் பெண் குதிரை ஆண் குதிரை மாதிரியே நடந்துகொள்ளும். அதை ஆபரேஷன் செய்து எடுக்க முடியும்.

‘பொட்டைக் குதிரைன்னா அப்படித்தான்’ என்று சொல்லிவிட்டால் இது எதையுமே தேட மாட்டோம். வலியில் இருக்கும் ஒரு விலங்கு, வேண்டாம் என்று தனக்குத் தெரிந்த மொழியில் சொல்லிக்கொண்டிருக்கும். நாம் அதற்கு அடி கொடுத்துக்கொண்டிருப்போம்.

கையாள்வது எப்படி?

* பின்பக்கமாகப் போகாதீர்கள். குதிரைக்குத் தன்னைச் சுற்றி ஏறக்குறைய எல்லாப் பக்கமும் தெரியும். ஆனால், நேர் பின்னாலும் நெற்றிக்கு மிக அருகிலும் தெரியாது. குரல் கொடுத்தபடி, இடது தோள்பட்டைப் பக்கமாகப் போங்கள்.

* கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளாதீர்கள். குதிரை திமிறி ஓடினால் கயிறு இறுகும், விரல் போகும். மடித்துப் பிடித்தால் சட்டென்று விட முடியும்.

* தினமும் நடக்க விடுங்கள். கல்யாணம் இல்லாத மாதத்திலும் காலையில் வெயில் ஏறுவதற்கு முன் அரை மணி, முக்கால் மணி நேரம் நடை, ஓட்டம். நாள் முழுக்கக் கட்டிப்போட்ட குதிரைக்கு எந்த ஹார்மோனும் தேவையில்லை, அதுவாகவே வெடிக்கும்.

* வேலை குறைந்தால் கொள்ளையும் குறையுங்கள். புல்லைக் குறைக்காதீர்கள். 300 கிலோ எடையுள்ள குதிரைக்கு நாளுக்குக் குறைந்தது 4.5 முதல் 6 கிலோ உலர்தீவனம் வேண்டும். தீவனத்தை மாற்றுவதாக இருந்தால் ஒரு வாரம், பத்து நாள் எடுத்து மெதுவாக மாற்றுங்கள். திடீர் மாற்றம் வயிற்று வலியில் முடியும்.

* ஆண் குதிரையிடமிருந்து தள்ளிக் கட்டுங்கள். ஒரே ஊர்வலத்தில் இரண்டும் வந்தால் நல்ல இடைவெளி விடுங்கள். குதிரையேற்ற உலகில், உதைக்கும் குதிரையின் வாலில் சிவப்பு ரிப்பன் கட்டும் பழக்கம் உண்டு. ‘கிட்ட வராதே’ என்பதற்கான சிக்னல் அது. நம் ஊரிலும் கட்டலாம், கூட்டத்துக்கு அர்த்தத்தைச் சொல்லிவிட்டு.

* மிரண்டால் இழுத்துப் பிடித்துச் சண்டை போடாதீர்கள். சத்தத்திலிருந்து விலக்கி, சின்ன வட்டமாக நடத்துங்கள். கேட்டபடி ஓர் அடி பின்வாங்கினால், நின்றால், உடனே கயிற்றைத் தளர்த்துங்கள். அந்தத் தளர்வுதான் குதிரைக்குப் பரிசு. கொஞ்ச நேரம் கழித்து அடித்தால், எதற்கு அடி என்று அதற்குத் தெரியாது. உங்களைப் பார்த்தாலே பயப்பட வேண்டும் என்பதை மட்டும் கற்றுக்கொள்ளும்.

* அன்றைக்கு முடியாது என்று தெரிந்தால், முடியாது என்று சொல்லிவிடுங்கள். அட்வான்ஸைத் திருப்பிக் கொடுப்பது, ஆஸ்பத்திரிச் செலவைவிட மலிவு.

முள் கடிவாளம் சட்டப்படி தப்பு

அடங்காத குதிரைக்கு முள் வைத்த கடிவாளம் மாட்டுவது பழைய வழக்கம். நாக்கையும் உதட்டையும் கிழித்து, அந்த வலியில் அடக்குவது. 1965-ம் ஆண்டின் வண்டி மற்றும் பொதி விலங்குகள் வதைத் தடுப்பு விதிகளின்படி, முள்ளோ கூர்முனையோ உள்ள கடிவாளத்தைப் பயன்படுத்தக் கூடாது. ஊர்வலத்துக்குக் குதிரை புக் செய்யும்போது வாயில் ரத்தமோ புண்ணோ இருக்கிறதா என்று நீங்களும் பார்க்கலாம். ‘வேற குதிரை கொண்டு வாங்க அண்ணே’ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

மருந்து, கோலிகுண்டு, ஒரு குட்டி...

அல்ட்ரெனோஜெஸ்ட் என்ற வாய்வழி ஹார்மோன் மருந்து, தினமும் கொடுக்கும்வரை பருவ அறிகுறிகளை நிறுத்தி வைக்கும். இதைக் கால்நடை மருத்துவர் சொல்லாமல் தொடக் கூடாது. தோல் வழியாகவே மனித உடம்புக்குள் போகும் என்பதால் கையுறை கட்டாயம். கர்ப்பிணிகள் இதன் பக்கமே போகக் கூடாது. மனிதர்களுக்கான தூக்க மாத்திரையைக் கொடுத்து ஊர்வலத்துக்கு அழைத்துப் போவது, குதிரைக்கும் மாப்பிள்ளைக்கும் சேர்த்து ஆபத்து.

வெளிநாடுகளில் ஒரு காலத்தில் கருப்பைக்குள் கண்ணாடிக் கோலிகுண்டு வைத்து, சினையாக இருப்பதாக உடம்பை ஏமாற்றிப் பார்த்தார்கள். உள்ளேயே உடைந்தது, தொற்று வந்தது என்று பிரச்னைகள் தெரிந்ததும், இப்போது மருத்துவர்கள் பரிந்துரைப்பதில்லை.

‘ஒரு குட்டி போட்டா அடங்கிடும்’ என்ற நம்பிக்கையும் அப்படித்தான். குட்டி ஈன்ற ஒன்றிரண்டு வாரத்துக்குள்ளேயே பெண் குதிரை திரும்பப் பருவத்துக்கு வந்துவிடும். கூடவே, குட்டியைக் காக்கும் ஆவேசமும் சேர்ந்துகொள்ளும்.

சந்தேகம் என்றால் 1962 என்ற கட்டணமில்லா எண்ணுக்கு அழையுங்கள், கால்நடை ஆம்புலன்ஸ் சேவை அது. பெரிய பிரச்னை என்றால், 1903-ல் தொடங்கப்பட்ட சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது.

மறந்துபோகும் ஒரு கைப்பழக்கம்

13-ம் நூற்றாண்டில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்கோ போலோ, கடல் வழியாக வந்திறங்கிய குதிரைகளில் பெரும்பாலானவை இறந்துபோனதையும், அவற்றைப் பராமரிக்கத் தெரிந்த ஆள்கள் இங்கே இல்லாததையும் எழுதியிருக்கிறார். இன்றைக்குக் குதிரைகளே குறைகின்றன. 2019 கால்நடைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் குதிரைகளும் மட்டக்குதிரைகளும் சேர்த்து சுமார் 3.4 லட்சம்தான். 2012-ஐவிட 45.6 சதவிகிதம் குறைவு. குதிரை குறையும்போது அதன் காதையும் வாலையும் பார்த்தே மனசைப் படிக்கத் தெரிந்தவர்களும் குறைகிறார்கள். மிச்சமிருக்கும் குதிரைகள், சத்தமான கூட்டத்தில், தங்களைப் பற்றி எதுவும் தெரியாத மனிதர்களுக்கு நடுவே நிற்கின்றன.

பெண் குதிரையை நம்ப முடியாது என்று இன்னமும் சொல்பவர்களுக்கு ஒரு பெயர்: வின்க்ஸ். ஆஸ்திரேலியாவின் பெண் பந்தயக் குதிரை. 2015 முதல் 2019 வரை தொடர்ச்சியாக 33 பந்தயங்களில் ஜெயித்தது. மெல்போர்னின் புகழ்பெற்ற காக்ஸ் ப்ளேட் கோப்பையைத் தொடர்ந்து நான்கு வருஷம் தூக்கியது. அந்தப் பந்தயம் நடக்கும் அக்டோபர் மாதம், ஆஸ்திரேலியாவில் என்ன பருவம் தெரியுமா?

வசந்த காலம்!