ஓடுகளமும் எழுதுகோலும்

(இரண்டாமாண்டு மாணவி, பி.எஸ்ஸி. வேதியியல்)

உனக்குப் படிக்கத் தெரியுமா என்று ஒரு கல்லூரி மாணவியைக் கேட்டால் அவள் சிரிப்பாள். பன்னிரண்டு ஆண்டுகள் பள்ளியில் படித்துவிட்டுத்தானே இங்கு வந்திருக்கிறாள்! ஆயினும் நம்மில் பலர் படிப்பது தேர்வுக்கு. எழுதுவது விடைக் கையேட்டில் உள்ளதை. நானும் அப்படித் தேறி வந்தவள்தான். எங்கள் வீட்டில் எனக்கு முன் கல்லூரி வாசலை மிதித்தவர் எவருமில்லை. அச்சில் ஏறிய வரி என்றால் அது வேதவாக்கு. அதை நிறுத்தி வைத்துக் கேள்வி கேட்கலாம் என்பதை எனக்குக் கற்பித்தது ஓர் ஓட்டப் பந்தயம். நான் ஓடிய பந்தயமன்று. 1928-ஆம் ஆண்டு ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் பெண்கள் ஓடிய 800 மீட்டர்.

சென்ற ஆண்டு எங்கள் ஆங்கில விரிவுரையாளர் வகுப்பில் இரண்டு தாள்களைக் கொடுத்தார். ஒன்றில் அப்பந்தயத்தைப் பற்றி அக்காலத்தில் எழுதப்பட்ட செய்திகளின் சுருக்கம். மற்றொன்றில் பந்தய முடிவுப் பட்டியல். "இரண்டையும் படித்துவிட்டு எது சரி என்று எழுதுங்கள்" என்றார். பாடத்திட்டத்தில் இல்லாத வேலை என்று முணுமுணுத்தவர்களில் நானும் ஒருத்தி.

ஒலிம்பிக் தடகளத்தில் பெண்கள் இறங்கியது அந்த 1928-இல்தான் முதன்முறை. 100 மீட்டர், 800 மீட்டர், தொடர் ஓட்டம், உயரம் தாண்டுதல், வட்டெறிதல் என ஐந்தே போட்டிகள். அவையும் எளிதில் வந்துவிடவில்லை. பிரான்சு நாட்டு அலிஸ் மில்லியா என்ற பெண்மணி 1922-இல் பாரிசில் பெண்களுக்கென்றே தனி விளையாட்டு விழா நடத்திக் காட்டிய பிறகே கதவு சற்றுத் திறந்தது.

ஆகஸ்டு 2-ஆம் நாள் 800 மீட்டர் இறுதி ஓட்டம். ஜெர்மனியின் லீனா ராட்கே 2 நிமிடம் 16.8 நொடியில் ஓடி உலகச் சாதனை படைத்தார். ஜப்பானின் கினுவே ஹிடோமி இரண்டாவது. சுவீடனின் இங்கா கென்ட்செல் மூன்றாவது. ஓடியவர்கள் ஒன்பது பேர். ஒன்பது பேரும் ஓட்டத்தை முடித்தார்கள். பட்டியல் அப்படித்தான் சொல்கிறது.

செய்திகளோ வேறு பந்தயத்தைப் பார்த்தவர்கள் எழுதியவை போலிருந்தன. பதினொரு பேர் ஓடினார்களாம்; அவர்களில் ஐவர் பாதியிலேயே நின்றுவிட்டார்களாம்; மேலும் ஐவர் எல்லைக்கோட்டில் சுருண்டு விழுந்தார்களாம். ஓடியதே ஒன்பது பேர் என்னும்போது பதினொரு பேர் எங்கிருந்து வந்தார்கள்? இந்தக் கழித்தல் கணக்கை நான் போட்டுப் பார்ப்பதற்கு முன் அந்தச் செய்தியை மூன்று முறை படித்திருந்தேன் என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறேன். எண்ணைப் பார்க்கவே இல்லை. "பாவம், பெண்கள்" என்ற உணர்ச்சியில் கண் வழுக்கிக்கொண்டு போய்விட்டது.

அந்த ஓட்டத்தின் திரைப்படச் சுருள் இன்றும் இருக்கிறது, கைப்பேசியிலேயே பார்க்கலாம். கோட்டைத் தாண்டியதும் ஓரிருவர் களைத்துத் தரையில் சாய்கிறார்கள். முழு வேகத்தில் ஓடியவர் எவருக்கும் நேர்வதுதான் அது.

வேதியியல் மாணவர்களுக்கு இவ்விடத்தில் ஒரு வசதி உண்டு. உப்புப் பகுப்பாய்வில் நாம் ரெக்கார்டு நோட்டில் மூன்று பத்தி போடுகிறோமே: செய்த சோதனை, கண்டது, அதனால் அறிவது. கண்டதையும் அறிவதையும் ஒரே பத்தியில் கலந்து எழுதினால் கையெழுத்துக் கிடைக்காது. ஒருத்தி தரையில் சாய்ந்தாள் என்பது கண்டது. பெண்ணுடம்பு நெடுந்தூரம் தாங்காது என்பது 'அறிவது' பத்தியில் வர வேண்டியது. அதற்கும் ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு சோதனை வேண்டும். அந்தச் சோதனையும் இருக்கிறது. 1908 இலண்டன் ஒலிம்பிக் மாரத்தானில் இத்தாலியின் டொராண்டோ பியெத்ரி அரங்கத்துக்குள் பலமுறை விழுந்தார். பிறர் தாங்கிப் பிடித்துத்தான் கோட்டைத் தாண்டினார். உதவி பெற்றதால் வெற்றி பறிபோயிற்று; ஆனால் இங்கிலாந்து அரசி அவருக்கு ஒரு கிண்ணம் பரிசளித்தார். ஆண்கள் மாரத்தான் ஓடக் கூடாது என்று எவரும் சட்டம் போடவில்லை!

பெண்களுக்கு நேர்ந்தது வேறு. 800 மீட்டர் ஒலிம்பிக்கிலிருந்து நீக்கப்பட்டது. அது திரும்பி வந்தது 1960-இல், ரோம் நகரில். இடைப்பட்ட 32 ஆண்டுகளில் 200 மீட்டருக்கு மேற்பட்ட எந்த ஓட்டமும் ஒலிம்பிக்கில் பெண்களுக்கு இல்லை. பழி முழுவதையும் செய்தியாளர்கள் மேல் போடுவதும் சரியன்று. பெண்கள் களத்தில் இறங்குவதையே விரும்பாத பெரியவர்கள் முன்பே இருந்தார்கள். அவர்கள் தேடிக்கொண்டிருந்த சான்று அச்சிலேயே கிடைத்துவிட்டது. ஆனால் அன்று படித்தவர்கள் எண்ணிப் பார்த்திருந்தால், ஓடக் காத்திருந்த எத்தனையோ பெண்களின் கதை வேறாகியிருக்கும் அல்லவா?

அந்த ஒன்பது பேரில் இருவர் எழுதுகோல் பிடித்தவர்கள் என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. ஹிடோமி, ஒசாகா மைனிச்சி நாளிதழில் பணியாற்றியவர். 100 மீட்டரில் இறுதிக்குத் தேறாமற்போகவே, பழக்கமில்லாத 800 மீட்டரில் இறங்கி, ஜப்பானியப் பெண்களில் முதல் ஒலிம்பிக் பதக்கம் பெற்றார். சரியாக மூன்றாண்டு கழித்து, 1931 ஆகஸ்டு 2-இல், தம் 24-ஆம் வயதில் மறைந்தார். ஐந்தாவதாக வந்த கனடாவின் ஃபானி ரோசன்ஃபெல்டு பின்னாளில் குளோப் அண்ட் மெயில் நாளிதழில் நெடுங்காலம் விளையாட்டுப் பத்தி எழுதினார்.

படித்ததோடு நிற்காமல் எழுதியும் பார்க்க விரும்பினோம். இவ்வாண்டு நம் கல்லூரி விளையாட்டு விழாவில் பெண்கள் 800 மீட்டர் ஓட்டத்தை எங்களில் எட்டுப் பேர் பார்த்து, ஆளுக்குப் பத்து வரி தனித்தனியே எழுதினோம். பிறகு வேப்பமரத்தடியில் உட்கார்ந்து ஒப்பிட்டோம். ஓடியவர்கள் ஆறு என்று மூவர், ஏழு என்று ஐவர்! எழுவர் "மான்போல் ஓடினாள்" என்று எழுதியிருந்தோம். நம் தோழி கையை வீசி, பல்லைக் கடித்து ஓடினாளே தவிர, அதில் மானைக் காணோம். எட்டாமவள் மட்டும் "கடைசி வளைவில் வெளிப்புறமாக வந்து இருவரை முந்தினாள்" என்று எழுதியிருந்தாள். வகுப்பில் வாய் திறக்காத பெண். அந்த ஒரு வரியைப் படித்ததும், பார்க்காதவர்களுக்கும் பந்தயம் தெரிந்தது.

வீட்டில் இந்தக் கதையை அம்மாவிடம் சொன்னேன். அவர் படிக்காதவர். "விழுந்ததை எழுதினவங்க, எழுந்ததை ஏன் எழுதல?" என்று கேட்டார். நான் என் பத்து வரியை எடுத்துப் பார்த்தேன். கடைசியாக வந்தவளைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. அவளைத் தேடிப் போய்க் கேட்டு, பதினோராவது வரியைச் சேர்த்தேன்.

அடுத்து எடுத்துக்கொண்டிருப்பது 1984 லாஸ் ஏஞ்சல்ஸ், பெண்கள் 400 மீட்டர் தடை ஓட்டம். ஒலிம்பிக்கில் அந்தப் போட்டி பெண்களுக்கு நடந்தது அதுவே முதன்முறை. மூன்றாவதாக வந்தவர் 55.41 நொடி; நான்காவதாக வந்த நம் பி.டி. உஷா 55.42 நொடி. "மயிரிழை", "நூலிழை" என்ற சொற்களைப் பயன்படுத்தாமல் அந்த நூறில் ஒரு நொடியை எழுத வேண்டும் என்பது எங்களுக்குள் விதி. இதுவரை நான் நான்கு தாள்களைக் கிழித்துப் போட்டிருக்கிறேன்.